உன் அப்பா மாட்டிய நாலாவது கியர்

ஐயா,

போன மாதம் நீ தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாய். நானும் என்னவோ ஏதோ என்று காலை இழுத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறிப் போய் ரிசீவரை எடுத்தேன். சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை இல்லை. "அம்மா, அப்பா காரோட பழைய கியர் பாக்ஸ் இன்னும் கொட்டாயில கெடக்கா?" என்றாய். கிடக்குது என்றேன். உடனே உன் குரலுக்கு ஒரு சந்தோஷம் வந்ததே, கல்யாணம் நிச்சயமான அன்றுகூட அப்படி ஒரு குரல் வரவில்லை. காரை லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டு போகணும், ஆட்டோ கியரைக் கழற்றிக் கடாசணும், பழையதை மாட்டி வெள்ளைக்காரன் செய்தது செய்தபடியே ஆக்கணும், பூ சுற்றி மாலதியைப் பக்கத்தில் உட்கார வைத்து மண்டபத்துக்குப் போகணும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். கிராணி சம்சாரம் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு, காதை என் பக்கம் வைத்திருந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்யா" என்று வைத்துவிட்டேன். இப்போது யோசித்துவிட்டேன். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. கணக்குப் புத்தகத்தில் விடையை முதலில் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு. இரண்டாம் வகுப்பில் உன் டீச்சரும் நான்தான்.

கார் வந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் இதை மாலதிக்கும் வாசித்துக் காட்டுவாய், அந்தப் பிள்ளை டவுனில் வளர்ந்தது, அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். எழுபதுகளில் நம் தேயிலைத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது உன் அப்பாதான் அவருக்கு டிரைவர். பங்களா சாமான் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குப் போயிற்று. அந்தப் பச்சைக் கலர் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் போகவில்லை. இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, அப்போதே அதற்கு வயசாகிவிட்டது. கப்பலில் ஏற்றுவதற்குத் தேறாது என்று நினைத்தாரோ, உன் அப்பா அதைத் தினமும் துடைக்கிற துடைப்பைப் பார்த்து மனம் இரங்கினாரோ, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே தோட்டத்தில் எங்களுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கொழுந்து லோரி ஓட்டப் போன உன் அப்பா துரை, தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிற நான் துரைசாணி. ஞாயிற்றுக்கிழமை கூரையை மடக்கிவிட்டுப் பிரிஞ்சாங் டவுனுக்குப் போவோம். நீ என் மடியில் உட்கார்ந்து முட்டியால் டேஷ்போர்டை இடித்துக்கொண்டே வருவாய். குளிரில் மூன்று பேருக்கும் மூக்கு ஒழுகும். ஆனாலும் ஒருத்தரும் கூரையைப் போடச் சொன்னதில்லை.

என் இடது காலைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. சின்னக் குழந்தையில் ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது, கால் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். நடக்கிறேன், படி ஏறுகிறேன், உன்னை விரட்டிப் பிடித்து அடித்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் காரில் போகும்போது நான் தேயிலையைப் பார்த்ததில்லை, மலையைப் பார்த்ததில்லை. உன் அப்பாவின் கால்களைத்தான் பார்ப்பேன். இடது கால் கிளட்சை மிதிக்கும், கை கியரைத் தள்ளும், கால் மெல்ல மேலே வரும், கார் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு போகும். அவர் மிதிக்கும்போதெல்லாம் எனக்கு இங்கே, அசையவே அசையாத இந்தக் காலில், என்னவோ செய்யும். ஐயா, உன் அம்மாவுக்கு நகை மேல் ஆசை இருந்ததில்லை, புடவை மேல் கொஞ்சம் இருந்தது. ஓட்டணும் என்கிற ஆசை மட்டும் நெஞ்சை அடைக்கிற அளவுக்கு இருந்தது. யாரிடம் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் பள்ளி லீவில் நாங்கள் இரண்டு பேரும் மேல் மலை ரோட்டில் போனோம். நீ அப்போது ஈப்போவில் தொழிற்பள்ளி ஹாஸ்டலில் இருந்தாய். அவர் காரை ஓரங்கட்டிவிட்டு, கங்காணியிடம் என்னவோ கேட்க இறங்கிப் போனார். பனி மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. நான் மெதுவாக நகர்ந்து அவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு வாயால் புர்ரென்று ஓட்டுமே, அது ஒன்றுதான் பாக்கி. பனிக்குள்ளிருந்து அவர் வந்து நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நகரச் சொல்லவில்லை அவர். சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"எங்க போலாம் டீச்சர்?" என்றார். ஊரே என்னை டீச்சர் என்று கூப்பிடும், அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கீழ."

"கீழன்னா, ரிங்லெட்டா?"

"இன்னும் கீழ. தாப்பாவும் தாண்டி. வளைவே இல்லாம நேரா போகுமே, அந்த ரோட்டுல நான் ஓட்டணும்."

அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் என் காலைப் பார்த்தார், பிறகு கீழே இருந்த மூன்று பெடல்களைப் பார்த்தார். "சரி, வாங்க போலாம்" என்று இறங்கி, என்னை என் சீட்டுக்கு மாற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மனுஷன் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மறக்கவில்லை. கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளை ரிப்பேர் பண்ணுகிற சீன முதலாளி லியோங் மாமா இருக்கிறாரே, அவர் பட்டறைக்கு ஒரு ஜப்பான் கார் வந்தது. யாரோ வளைவில் விட்டு முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் உருண்ட கார். முன்பக்கம் அப்பளம். ஆனால் அடியில் இருந்த ஆட்டோ கியர் முழுசாக இருந்தது. அதுவும் சாதாரண ஆட்டோ இல்லை, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஓவர்டிரைவ் வைத்தது. மூன்று கியருக்கு மேல் நாலாவதாக ஒன்று உண்டு, வேகம் பிடித்த பிறகு தானாக விழும், அதில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், சக்கரம் வேகமாகச் சுற்றும். மலை ரோட்டில் அதற்கு வேலையே இல்லை. நீண்ட, நேரான ரோட்டுக்கென்றே செய்தது. உன் அப்பா அதைக் கேட்டதும் லியோங் மாமா தலையில் அடித்துக்கொண்டாராம்.

"ஸ்போட் கெரேத்தாவுக்கு ஆட்டோவா? ஒனக்குப் பைத்தியம், கீலா லா! சின்ன கார், அந்த பாக்ஸ் எவ்ளோ பெரிசு பாத்தியா? எங்க நுழையும்?"

"நுழைப்போம் தவுக்கே. ஓட்டப் போறவங்களுக்கு ஒரு கால்தான் இருக்கு, பெடல் ரெண்டுதான் இருக்கணும்."

நுழைக்கத்தான் அவ்வளவு பாடு. இன்ஜினும் கியரும் வேறு வேறு நாட்டுச் சரக்கு, ஒன்றின் போல்ட் ஓட்டை மற்றதற்குச் சேராது. நடுவில் வைக்க ஒரு தடித்த இரும்புத் தகடு செய்ய ஈப்போ லேத் பட்டறைக்கு நடையாக நடந்தார்கள். முதல் தகடு கோணிப்போய் வந்தது. காரின் தரையை வெட்டி, நடுவில் இருந்த மேட்டை அகலப்படுத்தி ஒட்டுப்போட்டார்கள், அதனால்தான் இப்போதும் என் இடது கால் பக்கம் இடம் குறைச்சல், பரவாயில்லை, அது எங்கேயும் போகப்போவதில்லை. பின் சக்கரத்துக்குப் போகிற தண்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள். எண்ணெய் சூடாகாமல் இருக்க ரேடியேட்டருக்குக் குழாய் இழுத்தார்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும் கடைசிவரை சேரவே இல்லை, அந்த முள் செத்துப்போய்ப் பூஜ்ஜியத்தில் படுத்துக்கொண்டது. எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "டீச்சர், உள்ள ஒக்காந்து பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கிளட்ச் பெடல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் தரை. அந்த வெறும் தரையைப் பார்த்து நான் அழுத அழுகையை உன்னிடம் இன்றுவரை சொன்னதில்லை.

நீ அந்தத் தீபாவளிக்கு வந்தாய். பானெட்டைத் திறந்தாய், அடியில் படுத்துப் பார்த்தாய், எழுந்து வந்து, "அப்பா நல்ல கார நாசம் பண்ணிட்டாரு" என்றாய். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கியர் மாற்றுகிற சுகம்தானே என்று அரை மணி நேரம் லெக்சர். அவர் உன் தட்டில் இன்னொரு தோசை வைத்து, "சுகந்தான்யா, நான் ரொம்ப வருஷம் அனுபவிச்சாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாருக்காகச் செய்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அது என் சொந்த விஷயம் மாதிரி இருந்தது. அதனால் உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தெரியாதவன் என்ன செய்வான்.

தோட்டத்து ரோட்டிலேயே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தானா ராத்தாவில் ஊனமுற்றவர்களுக்கான டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டி லைசன்ஸ் வாங்கினேன். திரும்பி வந்தபோது தோட்டத்து லைன் வீட்டுப் பெண்கள் வேலியோரம் நின்று கை தட்டினார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, கீழே புறப்பட்டோம். நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில். ரிங்லெட் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. மலைக்காரர்கள் எப்படி இறங்குவோம்? செகண்ட் கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன் அடித்து இறங்குவோம். உன் அப்பாவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி, யோசிக்கிற விஷயமே இல்லை. யோசிக்காததுதான் வினையாகப் போயிற்று. இந்தப் பெட்டிக்கு மலை தெரியுமா? நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க எடுக்க அது தன்பாட்டுக்கு மூன்றாவதுக்குப் போயிற்று, நாலாவதுக்கும் போய்விட்டது. வண்டியைப் பிடிக்க ஆளில்லை. பிரேக், பிரேக், பிரேக். பாதி வழியில் இருக்கிற ரோட்டோர அருவிக்கு வருவதற்குள் முன் சக்கரத்திலிருந்து புகை. அங்கே தேன் விற்கிற காட்டுவாசி அஸ்லிக்காரர் ஒருவர் பாட்டிலை வைத்துவிட்டு ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். உன் அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. என் மேல் இல்லை, அந்தக் கியர் பெட்டி மேல். "எந்த மடையனாச்சும் எறக்கத்துல டாப் கியர் போடுவானா? இவன் போடுறான் பாருங்க டீச்சர்! புத்தி இருக்கா இவனுக்கு?" என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டினார். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேயே அருவியோரம் சாப்பிட்டுவிட்டு, அவர் ஓட்ட, மேலே திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரமே டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தார். அதை அணைத்து வைத்தால் நாலாவது கியர் வராது. இறக்கத்தில் லீவரைக் கீழே தள்ளி இரண்டாவதில் பூட்டவும் பழக்கினார். "மலையில இத தொடவே கூடாது டீச்சர். கீழ போனப்புறம் நான் சொல்றேன், அப்ப போடுங்க" என்றார். அந்தக் 'கீழ' வரவே இல்லை. நான் அடுத்த லீவுக்குப் போலாம் என்பேன். லீவு வந்தால் அவருக்குக் கொழுந்து அதிகம், லோரியை விட முடியாது. மழை, மண் சரிவு, ரோடு மூடல். பிறகு உன் வேலை, உன் கிள்ளான் வீடு. போய்க்கொள்ளலாம், ரோடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தோம். ஐயா, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா நூறு புத்தி சொல்லலாம். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். அவள் எங்காவது போகணும் என்று கேட்டால், அந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. தகடு செய்து, தரையை வெட்டி, எல்லாம் தயார் செய்து வைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கிடைக்காமல் போய்விடும்.

அவர் போன விதம் உனக்குத் தெரியும். மூட்டை மூட்டையாகக் கொழுந்தோடு வருகிற வழியில் நெஞ்சைப் பிடித்திருக்கிறது. அந்த நிலையிலும் லோரியை ஓரங்கட்டி, முதல் கியரில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு சாய்ந்திருந்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக நான் அந்தக் காரில் பள்ளிக்குப் போகிறேன், தானா ராத்தாவுக்குப் போகிறேன், பிரிஞ்சாங்கில் காய் வாங்குகிறேன். ஸ்விட்சைத் தொட்டதில்லை. அவர் சொல்கிறேன் என்றாரே, சொல்லவில்லையே. நீ போன் செய்து அந்தப் பெட்டியைக் கடாசணும் என்றதும்தான் எனக்குத் திடுக்கென்றது. நேரான ரோட்டில் ஒரு தடவைகூட நாலாவது கியர் விழாமலே அது காரிலிருந்து இறங்கிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ரோட்டுக்கென்று அவர் செய்தது வேலை செய்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அதனால் போன சனிக்கிழமை நான் கீழே போனேன். தனியாகத்தான். பதறாதே, எழுதுகிறேன் என்றால் பத்திரமாகத் திரும்பிவிட்டேன் என்றுதானே அர்த்தம். இரண்டாவதில் பூட்டி, ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து, பின்னால் வந்த லோரிக்காரன் திட்டத் திட்ட, மெதுவாக இறங்கினேன். தாப்பா வந்தது. டவுனைத் தாண்டி பீடோர் போகிற பெரிய ரோட்டில் ஏறினேன். என்ன வெயில் ஐயா! என்ன நேரான ரோடு! இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், முன்னால் வானம் தரையில் முட்டுகிறவரைக்கும் ரோடு. வளைவு இல்லாத இடத்திலும் என் கை இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டது, எதிரே வந்த மலாய்க்காரர் யாரோ தெரிந்தவள் என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். லீவரை மேலே தள்ளினேன். கார் இரைந்தது. மூன்றாவது கியரில் அந்த இன்ஜின் எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியும், அதில் நாங்கள் இத்தனை வருஷம் பேசியதெல்லாம் கத்திக் கத்திப் பேசியதுதான். ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்துக் காலை லேசாக விட்டேன்.

விழுந்தது. ஒரு சின்னத் தள்ளல், அவ்வளவுதான். இன்ஜின் சத்தம் அப்படியே இறங்கி அடங்கிவிட்டது. வேகம் குறையவில்லை, சத்தம் மட்டும் போய்விட்டது. காற்றும் டயரும்தான் கேட்டது. அந்தக் காரில் அவ்வளவு அமைதியாக நான் இருந்ததே இல்லை. "என்னங்க" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன், எனக்கே தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் ஆள் இருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும். பீடோர் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். அங்கே ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தேன், திரும்பினேன். மலை ஏறுவதற்கு முன்னால் ஸ்விட்சை அணைத்தேன்.

இப்போது உனக்குப் பதில். பழைய பெட்டியை நீ எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போ, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி நன்றாகவே வைத்திருக்கிறார். காரைத் தர மாட்டேன். எனக்கப்புறம் அது உன்னுடையது, அப்போது நீ அதில் மாட்டு வண்டிச் சக்கரத்தை மாட்டினாலும் நான் கேட்கப்போவதில்லை. கல்யாணத்துக்கு வேறு கார் பார். மாலதியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், அந்தப் பிள்ளைக்கு இது புரியும். உன் சித்தப்பாவிடம் சொல்லி எனக்கு வேன் அனுப்பாதே. துணைக்கும் ஆள் அனுப்பாதே, அந்த சீட்டில் யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நானே புறப்பட்டு வருகிறேன். தாப்பாவிலிருந்து கிள்ளான் வரைக்கும் ரோடு நீளம். நீ பெண் பார்த்த கதை, மாலதியின் குணம், அவள் அப்பா பேசுகிற பேச்சு என்று உன் அப்பாவிடம் சொல்லாதது இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. கத்த வேண்டியதில்லை. மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவேன்.

அம்மா